கண்டிக் குளிரும் பாரூதியின் மகளும்

ஒராபி பாஷாவைப் பற்றி நம்மவர்கள் எழுதிய கட்டுரைகளைச் சேர்த்தால் ஒரு பெட்டி நிறையும். துருக்கித் தொப்பி, ஸாஹிரா, ஹல்லொலுவ வீதி வீடு: இந்த மூன்றையும் சுற்றியே அவை பெரும்பாலும் போகின்றன. அவரோடு வந்தவர்களில் அரபுலகம் மறக்காத ஒரு கவிஞர் இருந்தார் என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறோம். மஹ்மூத் சாமி அல்-பாரூதிக்கு நாம் செய்யும் அநியாயம் இது என்றே எனக்குப் படுகிறது.

1882ல் சில மாதங்கள் எகிப்தின் பிரதமராக இருந்தவர் பாரூதி. அவ்வாண்டு செப்டம்பரில் தெல்-அல்-கபீர் சண்டை தோற்றது. 1883 ஜனவரியில் ஏழு பேரும் கொழும்பில் இறக்கப்பட்டார்கள். கரையோரத்தின் ஈரச்சூடு உடம்புக்கு ஒத்துவரவில்லை என்று அவர்கள் முறையிட்டுக்கொண்டே இருந்தார்கள். அப்துல் ஆல் ஹில்மி 1891ல் கொழும்பிலேயே மௌத்தானார். ஒராபி 1892ல் கண்டிக்கு வந்தார். பாரூதியின் பிந்திய வருடங்களும் கண்டியில்தான் கழிந்தன.

அந்தக் காலத்து வெள்ளைக்காரக் குடும்பங்களுக்கும் மலைதான் மருந்து. பிள்ளைக்குக் காய்ச்சல் விடவில்லையா, மகள் மெலிந்து போகிறாளா, மூட்டை முடிச்சோடு மலையேறு என்பார் டாக்டர். 1867ல் கொழும்பு - கண்டி ரயில் ஓடத் தொடங்கியபின் அது இன்னும் லேசாயிற்று. கண்டியும் போதாதவர்கள் நுவரெலியாவுக்கு ஏறினார்கள். அதற்கும் மேலே என்றால் கப்பலேறிச் சொந்த ஊர். பிள்ளையின் உடம்பைப் பார்த்துப் பயணத்தை மாற்றுவது அவர்கள் கையில் இருந்தது. பாஷாமாருக்கோ குளிர்ந்த ஊருக்கு மாறுவதும் அரசாங்கம் பார்த்துத் தீர்மானிக்கும் காரியம். ஒரே மலை, ஒரே குளிர். ஒருவனுக்கு அது ஓய்வு, மற்றவனுக்குக் கொஞ்சம் வசதியான சிறை.

இந்த வித்தியாசத்தை மனசில் வைத்துக்கொண்டு, சரந்தீப் வாழ்வில் பாரூதி தன் மகள் சமீராவை நினைத்துப் பாடிய கஸீதாவை வாசிக்க வேண்டும். எகிப்தில் விட்டுவந்த சின்ன மகள் இரவில் ஒரு நிழலுருவாக வாப்பாவிடம் வருகிறாள். இடையில் கொந்தளிக்கும் தென்கடல் கிடக்கிறது. இருட்டும் தெரியாத, இராப்பயணமும் தெரியாத பிள்ளை எப்படி இவ்வளவு தூரம் வந்தாள் என்று வாப்பா திகைக்கிறார். வந்தவள் தங்கவில்லை, போய்விடுகிறாள். கொஞ்சம் இருந்திருக்கலாமே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

கனவில் வரும் நிழல் அரபுக் கவிதைக்குப் புதிதல்ல. ஜாஹிலிய்யாக் காலம் தொட்டே அது காதலி வரும் வழி. பாரூதி அந்தப் பழைய வழியில் காதலியை நிறுத்தாமல் மகளை நடக்க விடுகிறார். இந்தக் கவிதையின் பெருமை அங்கேதான் இருக்கிறது. பழைய சொல்லும் பழைய யாப்பும் அப்படியே இருக்க, உள்ளே ஒரு தகப்பனின் தவிப்பு ஏறிவிட்டது. எந்த அரசாங்கத்தின் உத்தரவும் கேட்காமல் கடல் தாண்டக்கூடியது அந்த நிழல் மட்டும்தான். சொந்த ஊரில் மௌத்தான மனைவிக்கும் அவர் சரந்தீபிலிருந்தே இரங்கற்பா பாட வேண்டியிருந்தது. மையித்தின் முகத்தைக்கூடப் பார்க்கக் கிடைக்கவில்லை.

குறையையும் சொல்ல வேண்டும். இந்தக் கஸீதாவில் சரந்தீபுக்கு உருவமில்லை. அது வெறும் தூரம், தாண்ட வேண்டிய தண்ணீர், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுச் சோனகரின் முகம் அதில் தெரிவதில்லை. இதற்காக அவரைக் குற்றம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. சிறைப்பட்டவனுக்கு ஜன்னலுக்கு வெளியே இருக்கும் அழகு கண்ணில் படாமல் போவது உலக வழக்கம்.

ஆனால் இதே காலத்தில் கண்டியில் பிறந்த ஒருவர் எகிப்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்திலெப்பையின் 'அசன்பே சரித்திரம்' 1885ல் வெளிவந்தது. அதிலும் கைரோவில் ஒரு வீடு பிள்ளையை இழக்கிறது. பிள்ளை பம்பாயில் வளர்ந்து, கல்கத்தா கண்டு, கடைசியில் பெற்றோரிடம் போய்ச் சேர்கிறது. கண்டிக்காரரின் கதையில் பிள்ளை வீடு சேர்ந்துவிட, எகிப்தியரின் கவிதையில் மகள் விடியுமுன் மறைந்துவிடுகிறாள். ஒருவர் எழுத்து மற்றவரைப் பாதித்தது என்று நான் சொல்ல வரவில்லை. பிரிவு என்ற ஒரே வலி நாவலில் ஆறுதலாகவும் கஸீதாவில் ஆறாத புண்ணாகவும் வந்திருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசிக்கும்போதுதான் அந்த வருடங்களின் கண்டி முழுசாகத் தெரிகிறது.

பாரூதி 1899ல், பார்வை மங்கிய நிலையில், ஊர் திரும்பினார். 1904ல் காலமானார். மஹ்மூத் பஹ்மி 1894லும், யாகூப் சாமி 1900லும் கண்டியிலேயே மௌத்தானார்கள். ஒராபிக்கு 1901 வரை விடுதலையில்லை. அந்த வீடு இன்று கலாசார நிலையமாக நிற்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் பாஷாமாரின் நாற்காலியையும் போட்டோவையும் பாதுகாத்தால் மட்டும் போதாது. நம் மதரஸாக்களில் அரபு படித்த உலமாக்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பாரூதியின் சரந்தீப் கவிதைகளை அவர்கள் அரபிலிருந்து நேரே நம் தமிழுக்குக் கொண்டுவரட்டும். "வாப்பா" என்று கூப்பிடும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் அந்தக் கஸீதாவுக்கு விளக்கவுரை தேவைப்படாது.