வேட்டையும் களவும்: சிலம்பு சொல்லும் தீர்ப்பு

வேட்டையாடுபவன் வீரன், களவாடுபவன் கயவன். இப்படிச் சொல்லிப் பழகிவிட்டோம். இரண்டிற்கும் இடையே கோடு கிழித்தவன் யார், எதை அளவுகோலாகக் கொண்டு கிழித்தான் என்று கேட்கத்தான் பழகவில்லை. கேட்பதற்கு ஏற்ற நூல் ஒன்று நம் கையிலேயே இருக்கிறது. அதுதான் சிலப்பதிகாரம்.

நம் இயக்கத்தார் இந்நூலைப் பற்றி ஒரே கருத்துக் கொண்டவர்கள் அல்லர். பெரியார் இதனைக் கடுமையாகக் கண்டித்தார். கலைஞரோ 1964-இல் ‘பூம்புகார்’ படத்திற்கு உரையாடல் தீட்டி, ஊரெல்லாம் கண்ணகியின் குரலை ஒலிக்கச் செய்தார். போற்றுவோர் போற்றட்டும், தூற்றுவோர் தூற்றட்டும். உடைமை எது, களவு எது என்ற வழக்கில் இக்காப்பியம் அளிக்கும் சாட்சியத்தை மட்டும் இங்கே ஆராய்வோம்.

முதற் சாட்சி, வேட்டுவ வரி. பாலை நிலத்து எயினர் கொற்றவையை வழிபடுகின்றனர். சாலினி ஆவேசமுற்று எழுகிறாள். பகைவர் ஊர்களில் ஆநிரை பெருகிக் கிடக்க, எயினர் மன்றம் பாழ்பட்டதே என்று இடித்துரைக்கிறாள். பின்னர், கவர்ந்து வந்த ஆநிரை கொல்லன், பாணன், ஒற்றன், கணி, கள் விற்பவள் ஆகியோர் முற்றங்களில் நிறைந்ததாகப் பாட்டு நடக்கிறது. எடுத்தது பிறன் மாடு. வளர்த்தது பிறன் உழைப்பு. நம் அளவுகோலின்படி இது களவே. ஊரோடு பங்கிட்டு உண்டதால் களவு அறமாகிவிடாது.

ஆனால் இதே செயலை மன்னன் ஆள் அனுப்பிச் செய்வித்தால் என்ன பெயர்? வெட்சித்திணை! தொல்காப்பியர் வேந்தனால் ஏவப்பட்ட மறவர் செயலாகவே அதற்கு இலக்கணம் வகுக்கிறார். ‘களவு’ என்ற சொல்லையும் மறைக்காமல் கையாளுகிறார். பிற்காலப் புலவர்தாம் களவை மறைத்துவிட்டு வெட்சிப் பூவை மட்டும் நமக்குக் காட்டினர். எயினன் எடுத்தால் கொள்ளை, வேந்தன் எடுத்தால் திணை என்றால், கோடு கிழித்த கை யாருடையது என்பது விளங்கவில்லையா?

இரண்டாம் சாட்சி, கொலைக்களக் காதை. அரண்மனைச் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். பழி சுமந்தவன், மனைவியின் சிலம்பை விற்க வந்த கோவலன். அரசியின் ஊடலைத் தணிக்க விரைந்த பாண்டியன், சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொணர்க என்று சொல்லிவிடுகிறான். இவன் கள்வன் தோற்றம் உடையவன் அல்லன் என்று காவலர் தயங்குகின்றனர். பொற்கொல்லனோ களவு நூல் வகுத்த எட்டுத் துணைகளை அடுக்கித் தயக்கத்தைப் போக்குகிறான். கல்லாத குடிகாரன் ஒருவனின் வாள் வழக்கை முடிக்கிறது. திருடனே களவு நூலை விரித்துரைக்க, நிரபராதி வெட்டுண்டான்! உடைமைக்குச் சான்று கேட்கப்படவில்லை. உள்ளே முத்தா மாணிக்கமா என்ற கேள்வி, தலை விழுந்த பிறகே எழுந்தது.

மூன்றாம் சாட்சியை மேடைகளில் எவரும் அதிகம் எடுத்துச் சொல்வதில்லை. கட்டுரை காதையில் வருகிறான் வார்த்திகன் என்னும் பார்ப்பனன். அவன் மகன் அணிந்திருந்த நகைகளைக் கண்ட அரச ஊழியர், கிடைத்த புதையலை மறைத்தவன் என்று குற்றஞ்சாட்டி அவனைச் சிறையிலிட்டனர். உடனே என்ன நடந்ததாம்? கொற்றவை கோயிற் கதவு தானே மூடிக்கொண்டதாம்! அரசன் நடுங்கினான், பிழை பொறுக்க வேண்டினான், திருத்தங்காலையும் வயலூரையும் கொடையாக வழங்கினான். கண்டெடுத்த பொருள் கண்டெடுத்தவனுக்கே உரியது என்று பறையும் அறைவித்தான்.

நல்ல சட்டம்தான். மறுக்கவில்லை. ஆனால் அச்சட்டம் பிறக்க ஒரு பார்ப்பனன் சிறைப்பட வேண்டியிருந்தது. கோவலன் வெட்டுண்டபோது எந்தக் கோயிலின் எந்தக் கதவு மூடியது? பின்னர் நடந்தது இன்னும் கொடுமை. ஒரு பொற்கொல்லன் செய்த குற்றத்திற்காகக் கொற்கையில் வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்று நூல் கூறுகிறது. கண்டிக்கும் சொல் ஒன்றும் இல்லை; நாடு செழித்தது என்றே முடிகிறது. ஒருவன் குற்றத்தைக் குலத்தின் மேல் ஏற்றும் இந்த நீதியை வெள்ளையன்தான் கொண்டுவந்தான் என்று எண்ண வேண்டாம். 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் இயற்றி, 1911-இல் அதைச் சென்னை மாகாணத்திற்கும் விரித்து, பிறந்த குழந்தையையும் கள்வனாக்கினான் அவன். அந்த எண்ணத்திற்குரிய விதை நம் காப்பியத்திலேயே கிடக்கிறது.

சரி, பகுத்தறிவு தரும் அளவுகோல் யாது? பிறர் உழைப்பு படிந்த பொருளை அவர் இசைவின்றிக் கொள்வது களவு. எவர் உழைப்பும் படியாததை, தன் உழைப்பால் பற்றிக்கொள்வது வேட்டை. இதற்கு இடையூறாகக் காடும் ஏரியும் எனதே என்று ஒருவன் ஆணையிட்டால், வேடனின் கை மாறாமலே அவன் கள்வனாகிவிடுகிறான். இங்கிலாந்தில் 1723-இல் இயற்றிய சட்டம், முகத்தில் கரி பூசி மான் வேட்டையாடுவோர்க்குத் தூக்குத் தண்டனை விதித்தது. பிரான்சில் 1789 ஆகஸ்டு 4-ஆம் நாள் இரவு, வேட்டை பிரபுக்களின் தனியுரிமை என்பதைத் தேசிய மன்றம் ஒழித்தது. அந்தப் பிரான்சின் கொடி 1954 வரை பறந்த மண் நம் புதுவை. ஆனால் அன்று கிடைத்த உரிமையும் நிலமுடையோன் தன் நிலத்தில் வேட்டையாடும் உரிமையே. நிலமில்லாதவன் நின்ற இடத்திலேயே நின்றான்.

இங்கே மட்டும் என்ன? பாகூரில் கிடைத்த பல்லவன் நிருபதுங்கனின் செப்பேடு, மூன்று ஊர்களை அவ்வூர் வித்யாஸ்தானத்திற்கு ஈந்ததைச் சொல்கிறது. உடும்பு ஓடிய இடமும் ஆமை தவழ்ந்த இடமும் அடங்கலாக நிலத்தைத் தருவது அக்காலச் சாசனங்களின் வழக்கமான வாசகம். உடும்பைத் துரத்தியவன் யார்? ஆமையைத் தேடியவன் யார்? கொடுத்தவன் பெயர் செப்பில் உண்டு. பெற்றவர் சிறப்பும் உண்டு. வேடனுக்கு அங்கே இடமே இல்லை.

வில்லியனூர், பாகூர் வட்டாரங்களின் வயல் வரப்பில் இன்றும் அந்த வழக்கு நடக்கிறது. எலி, உழவனின் நெல்லை வளைக்குள் சேர்க்கிறது. இருளர் வளையைத் தோண்டி எலியையும் நெல்லையும் எடுக்கிறார். திருடியது எலி, காத்தது இருளர் கை. கூலியாக அவர் கொண்ட இரண்டு படி நெல்லைக் களவென்று சொல்ல எந்த நாவு துணியும்?

வனவிலங்குச் சட்டம் 1972-இல் வந்தது. ஊசுட்டேரி 2008-இல் பறவைகள் சரணாலயம் ஆயிற்று. இவை வேண்டும் என்பதே நம் கொள்கை. பறவை எந்த மன்னனுக்கும் சொத்தன்று. நாளை பிறக்கும் பிள்ளைகளுக்கும் பொது. ஆனால் பொதுவின் பேரால் ஒருவர் பிழைப்பை நிறுத்தினால், மாற்றுப் பிழைப்பைத் தருவது பொதுவின் கடன். வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வழி காட்டிற்று. தோலுக்காகப் பாம்பைப் பிடித்த அதே கை, உயிர்காக்கும் மருந்துக்கான நஞ்சை எடுத்தது. அக்கலையில் தேர்ந்த இருவர்க்கு 2023-இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது.

ஆயினும் பழி நீங்கிற்றா? 1993-இல் கடலூர் மாவட்டத்தில் நகைத் திருட்டுப் பழி சுமத்தப்பட்ட ஓர் ஏழை, காவலில் மாண்டார். அந்த வழக்கே 2021-இல் ‘ஜெய் பீம்’ படமாயிற்று. காணாமற்போன நகை, கையில் அகப்பட்ட எளியவன், விசாரணைக்கு முன்பே தண்டனை! கோவலன் கதைதானே இது? கண்ணகியாவது தேரா மன்னனை நேர்நின்று கேட்டாள். இன்று கேட்பதற்கு வழக்கறிஞர் சந்துரு போன்ற ஒருவர் வாய்க்க வேண்டியிருக்கிறது.

புதுவையில் 2016 டிசம்பரில்தான் இருளர் பட்டியல் பழங்குடியாக அறிவிக்கப்பட்டனர். அறிவிப்பில் வில்லி, வேட்டைக்காரன் என்ற பெயர்களும் அடங்கும். வேட்டைக்காரன்! செப்பேட்டில் இடம்பெறாத பெயர் அரசிதழில் ஏறிவிட்டது. பெயர் ஏறினால் போதுமா? சான்றிதழ் கைக்கு வர வேண்டும். குடிசை நின்ற மண்ணுக்குப் பட்டா வர வேண்டும். திருட்டு நடந்த மறுநாள் முதலில் தட்டப்படும் கதவு அவர் கதவு என்ற நிலை ஒழிய வேண்டும்.

இளைஞரே! சிலம்பைப் படியுங்கள், சிறப்பிருந்தால் போற்றுங்கள். ஆனால் ‘கள்வன்’ என்ற சொல்லை எங்கே கேட்டாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: அப்பொருளில் படிந்த உழைப்பு யாருடையது? உடையவன் என்பவன் அதை எப்படி உடையவன் ஆனான்? இவ்விரண்டையும் பாண்டியன் கேட்டிருந்தால் மதுரை எரிந்திராது. நம் ஊர்க் காவல் நிலையம் கேட்டால் ஒரு குடிசையேனும் நிம்மதியாக உறங்கும்.