எழுதியவன், பாடியவள்: அபாவின் ஆல்பங்கள்

நான் அபா கேட்கிறவன் என்று தோழர்கள் மத்தியில் சொல்ல எனக்குப் பல வருஷம் பிடித்தது. பாப் மார்லி கேட்கலாம், டிலன் கேட்கலாம். ஜிகினா உடுப்புப் போட்டுக்கொண்டு 1974இல் பிரைட்டனில் யூரோவிஷன் போட்டியில் ஜெயித்த நான்கு பேரைக் கேட்கிறேன் என்றால், 'என்னய்யா ஆச்சு உனக்கு?' என்கிற பார்வைதான். அதார்னோ படித்தவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். (தமிழில் இன்னொரு ப் சேர்த்தால் 'அப்பா' ஆகிவிடும். அது வேறு கட்டுரை.)

இந்தச் சங்கடம் சுவீடனிலேயே இருந்தது. அங்கே 70களில் 'ப்ராக்' என்றழைக்கப்பட்ட இடதுசாரி இசை இயக்கம் வலுவாக இருந்தது. அபா ஜெயித்ததால் 1975 யூரோவிஷன் ஸ்டாக்ஹோமுக்கு வந்தபோது அதே ஊரில் எதிர்விழா நடத்தினார்கள். 1976இல் சுவீடன் போட்டியில் கலந்துகொள்ளவே இல்லை. அபா ஒரு பண்டம் என்பது குற்றச்சாட்டு. பொய்யென்று வாதாட நான் வரவில்லை, பண்டம்தான். ஆனால் அந்தப் பண்டத்துக்குள் கிடக்கிற உழைப்பு யாருடையது, அது எப்படிப் பங்கு பிரிக்கப்பட்டது என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் வெகுகாலம் கேட்கவில்லை.

பிரிவினை இதுதான்: பென்னி ஆண்டர்சனும் பியோர்ன் உல்வேயஸும் எழுதுவார்கள், அக்னெத்தா ஃபெல்ட்ஸ்கூக்கும் ஃப்ரீடா லிங்ஸ்டாடும் பாடுவார்கள். ஏதோ இயற்கை நியதி மாதிரி. ஆனால் 1968 தொடக்கத்தில், பதினேழு வயதில், தானே எழுதிய பாட்டோடு சுவீடன் பட்டியலில் முதலிடம் பிடித்தவர் அக்னெத்தா. அபாவின் ஸ்டூடியோ ஆல்பங்களில் இசையமைத்தவராக அவர் பெயர் ஒரே ஒரு பாட்டில்தான் இருக்கிறது: 1973இல் வந்த 'ரிங் ரிங்' ஆல்பத்தின் 'டிஸ்இல்யூஷன்'. 1979 சுற்றுப்பயண மேடையில் இன்னொரு பாட்டைப் பியானோ வாசித்துப் பாடினார். அது ஸ்டூடியோ ஆல்பம் எதிலும் ஏறவில்லை.

'அரைவல்' (1976) காலத்து ஆல்பங்களில் இரண்டு பெண்குரல்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும். ஒலிப்பதிவாளர் மைக்கேல் ட்ரெட்டோ டேப்பின் வேகத்தைத் துளி மாற்றி, குரல்மேல் குரல் அடுக்கி இரண்டைப் பத்தாக்கினார். கேட்க அமிர்தம், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் யார் குரல் எங்கே முடிகிறது என்று பிரித்தெடுக்க முடியாது. பேர் தெரியாத உழைப்புக்கு இதைவிட நல்ல ஒலி கிடையாது.

1980இல் வந்த 'சூப்பர் ட்ரூப்பர்' ஆல்பத்தில் இது உடைகிறது. 'தி வின்னர் டேக்ஸ் இட் ஆல்' பாட்டின் வரிகளை எழுதியவர் பியோர்ன். பாடுகிறவர், அவரை விட்டுப் பிரிந்துவிட்டிருந்த அக்னெத்தா. நேரடியாக எங்கள் கதையில்லை என்று பியோர்ன் பிறகு சொல்லியிருக்கிறார், இருக்கட்டும். கண்ணியமாகத் தோற்று, ஜெயித்தவனுக்கு வழிவிடுகிற ஒரு தன்னிலையை அந்த வரிகள் பெண்ணுக்கு எழுதிக் கொடுக்கின்றன. எழுதியவன் ஆண். ஆனால் பாட்டைக் கேட்டுப் பாருங்க. மெட்டு என்று பார்த்தால் சின்னத் துண்டுதான், திரும்பத் திரும்ப வருகிறது. மாறுவது குரல் மட்டுமே. முதலில் அடங்கி, பேச்சு மாதிரி. போகப்போக இறுகி, கடைசியில் வார்த்தைகளைக் கடித்துத் துப்புகிறது. வரிகள் ஒத்துக்கொண்ட தோல்வியைக் குரல் ஒத்துக்கொள்ள மறுக்கிறது. அந்த மறுப்பை எந்தத் தாளிலும் யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. 1999இல் 'மம்மா மியா' நாடகம் லண்டனில் மேடையேறியது. அங்கே வேறு யாரோ பாடினார்கள். யார் பாடினாலும் எழுதியவர்களுக்கு ராயல்டி உண்டு. குரலின் அந்த மறுப்புக்கு எந்தச் சட்டத்திலும் காப்புரிமை கிடையாது.

1981 நவம்பர் கடைசியில் வந்த 'தி விசிட்டர்ஸ்'தான் என் ஆல்பம். அட்டையிலேயே நாலு பேரும் மங்கலான ஓர் அறையில் ஆளுக்கொரு மூலையில். பென்னி-ஃப்ரீடா மணவாழ்க்கையும் முடிந்திருந்தது. பெரும்பாலான பாட்டுகளில் ஒற்றைக் குரல் தனியாக முன்னே நிற்கிறது. தலைப்புப் பாட்டை ஃப்ரீடா பாடுகிறார்: வாசலில் மணியடிக்கிறது, உள்ளே ஓர் ஆள் பயந்துபோய்க் காத்திருக்கிறது. சோவியத் மாற்றுக்கருத்தாளர்களை நினைத்து எழுதியது என்று எழுதியவர்களே சொன்னார்கள். அரசியலே இல்லாத பண்டம் என்று எதிர்விழா கண்ட குழு, நாம் வாயைத் திறக்காத விஷயத்தைப் பாடிவிட்டது. இரண்டு வாரத்தில், டிசம்பர் 13இல், போலந்தில் ராணுவச் சட்டம். அதற்கு எத்தனை தோழர்கள் நியாயம் கற்பித்தார்கள் என்பது எனக்கு ஞாபகமிருக்கிறது.

ஃப்ரீடா 1945இல் நார்வேயில் பிறந்தவர். அம்மா நார்வேக்காரி, அப்பா ஆக்கிரமிப்பு ஜெர்மன் ராணுவச் சிப்பாய். அப்படிப் பிறந்த பிள்ளைகளை ஊர் என்ன பாடுபடுத்தியது என்பது தெரிந்த வரலாறு. பாட்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுவீடன் போய்விட்டார். அந்தப் பாட்டில், தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் கலங்கிவருகிற குரலைக் கேட்கும்போது எனக்கு இது நினைவுக்கு வராமல் போனதில்லை. ஆசிரியன் இறந்துவிட்டான், அவன் வாழ்க்கையைப் பிரதிக்குள் தேடாதே என்று பார்த்தை மேற்கோள் காட்டி என்னை மடக்கலாம். சரி. ஆனால் ஃப்ரீடாவை யார் எப்போது ஆசிரியர் என்று சொன்னார்கள், இப்போது சாகடிப்பதற்கு?

நாற்பது வருஷம் கழித்து 2021இல் 'வாயேஜ்' வந்தது. பல பாட்டுகள் சுமார். மெட்டு பழகினது, சில இடங்களில் பாகு அதிகம். ஆனால் இரண்டு பெண்களின் குரலும் கீழே இறங்கியிருக்கிறது, ஓரத்தில் கொஞ்சம் கரகரப்பு, வயசு கேட்கிறது. அதற்காகவே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். உறையைத் திருப்பினால், பத்துப் பாட்டுக்கும் அதே இரண்டு பெயர்கள்: ஆண்டர்சன், உல்வேயஸ்.