ஃபூட் தொகுப்பு நூல்: சேர்வராயன் மலையிலிருந்து ஒரு மதிப்பீடு

ஃபூட் தொகுப்பு என்பது இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை எனப்படும் ராபர்ட் புரூஸ் ஃபூட் (1834–1912) திரட்டிய கற்கருவிகளையும் மட்கலங்களையும் பற்றிய இரு பகுதி ஆங்கில நூல். சென்னை அரசு அருங்காட்சியகம் வெளியிட்டது. பொருட்பட்டியல் 1914-லும், பொருட்களின் காலமும் பரவலும் பற்றிய குறிப்புகள் 1916-லும் வந்தன. இரண்டும் அச்சாகி வந்தபோது ஆசிரியர் உயிரோடு இல்லை. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் காலமானார். அவருடைய நினைவு ஏற்காட்டின் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது.

ஏற்காட்டுக்கு வருபவர்கள் ஏரியில் படகில் செல்கிறார்கள், லேடீஸ் சீட்டில் நின்று கீழே சேலத்தின் விளக்குகளைப் பார்க்கிறார்கள், சேர்வராயன் கோவிலின் குகைக்குள் குனிந்து சென்று கும்பிட்டு வருகிறார்கள். தேவாலயம் வரை நடப்பவர்கள் குறைவு. நூலைத் தேடிப் படிப்பவர்கள் அதைவிடக் குறைவு. ஆனால் தொன்மையான மனிதத் தடங்களைக் காடு மலைகளில் தேடிச் சென்று பார்ப்பது எப்படி, பார்த்ததை என்ன செய்வது என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் முதலில் படிக்க வேண்டிய நூல் இதுதான். அதன் பெருமைக்காகவும் குறைக்காகவும் படிக்க வேண்டும்.

நூலின் பெருமை

ஃபூட் 1858-ல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்தார். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் செம்பூரான் கல் சரளையில் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். பழைய கற்கால மனிதன் இந்தியாவில் வாழ்ந்தான் என்பதற்கு அறிவியல் முறையில் கிடைத்த முதல் சான்று அது. அதே ஆண்டில் வில்லியம் கிங்குடன் சேர்ந்து அத்திரம்பாக்கத்தையும் கண்டறிந்தார். 1891-ல் ஓய்வு பெற்ற பின்னும் அலைச்சல் நிற்கவில்லை. நானூறுக்கும் மேற்பட்ட இடங்களிலிருந்து திரட்டிய பொருட்களை 1904-ல் சென்னை அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது.

பட்டியல் நூல் என்றால் எண்ணும் பெயரும் கொண்ட வறண்ட நிரல் என்று தோன்றும். வறட்சி உண்மைதான். ஆனால் அந்த நிரலில் ஓர் ஒழுக்கம் இருக்கிறது. ஒவ்வொரு கல்லும் எந்த மாவட்டம், எந்த ஊர், என்ன வகைப் பாறை என்பதோடு வருகிறது. அக்காலத்தில் பழம்பொருள் சேகரித்தவர்களில் பலர் அழகான கல்லை எடுத்து அலமாரியில் வைத்ததோடு நின்றார்கள். கிடைத்த இடம் தெரியாத கல் வாய் பேசாத சாட்சி என்பதை ஃபூட் அறிந்திருந்தார். அது நிலவியலாளரின் பழக்கம். பெல்லாரிப் பகுதியின் சாம்பல் மேடுகள் மாட்டுச்சாணம் எரிந்து உருவானவை என்று அவர் சொன்னதை நெடுங்காலம் பலர் ஏற்கவில்லை. ரேமண்ட் ஆல்ச்சின் 1963-ல் வெளியிட்ட ஆய்வு அவர் பக்கமே நின்றது. இடத்தில் நின்று பார்த்தவனின் சொல் என்பதால்தான் அது நிலைத்தது.

பழைய கற்காலத்துக்கும் புதிய கற்காலத்துக்கும் இடையே நீண்ட வெற்றிடம் இருந்தது என்ற அவருடைய கருத்து இன்று செல்லாது. நூறாண்டு கடந்த நூலில் அதைப் பெரிய குறையாகச் சொல்ல வேண்டியதில்லை. உண்மையான குறை வேறு.

கோவிலில் இருந்த கோடரிகள்

சேர்வராயன் மலையின் தொல்பழங்காலம் பாறை ஓவியமாக அல்ல, கற்கோடரியாகவே பேசப்பட்டு வருகிறது. தீட்டி வழவழப்பாக்கிய புதிய கற்காலக் கோடரிகள் இவை. ஒரு முனை கூர்மையாகவும் மறுமுனை அகன்று வெட்டுவாயாகவும் இருக்கும். கைக்கு அடக்கமானவை. ஏற்காட்டில் வாழ்ந்த ஃபூட்டுக்கு இவை வீட்டு வாசலில் கிடைத்த ஆய்வுப்பொருள் போல.

ஆனால் எல்லாம் மண்ணில் கிடைத்தவை அல்ல. மலை உச்சியை ஒட்டிய பழைய கோவில்களிலும் கற்காலக் கருவிகள் கிடைத்தன. சேலம், தர்மபுரி, திருவண்ணாமலை மாவட்ட மலையூர்களில் இத்தகைய கற்கோடரிகளை மரத்தடிப் பிள்ளையாரோடு சேர்த்து வைத்து வழிபடும் வழக்கம் நன்கு அறியப்பட்டது. உழும்போது கிடைத்த கல்லை எறிந்துவிடாமல், இது மனிதக் கை பட்ட கல், சாதாரணக் கல் அல்ல என்று கண்டுகொண்டு, கோவிலில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். நிலவியலாளர் வருவதற்கு முன்பே அந்த மலையில் கல்லைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்த கண் இருந்திருக்கிறது. ஒருவகையில் அந்த மரத்தடிதான் சேர்வராயன் மலையின் முதல் அருங்காட்சியகம்.

அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினரைக் கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது. பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரரில் மூத்தவர் சேர்வராயன் மலையிலும் மற்ற இருவர் பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் குடியேறியதாக அவர்களுடைய வரலாறு சொல்கிறது. இந்த மக்களின் குரல் ஃபூட்டின் தொகுப்பில் கேட்பதில்லை. கல்லின் நீளமும் பாறை வகையும் இருக்கின்றன. அதை யார் வைத்திருந்தார், என்ன பெயரிட்டு அழைத்தார், எந்த நாளில் அதற்கு எண்ணெய் தடவினார் என்பது இல்லை. வழிபாடு அவருக்கு ஒரு சுவையான செய்தி. சான்று அல்ல. கல் செய்யப்பட்ட காலம் மட்டுமே அவருடைய கணக்கில் வரலாறு. அதன் பிறகு பல நூற்றாண்டுகள் அது மனிதர்களின் கையில் வாழ்ந்த வாழ்வு கணக்கில் சேரவில்லை.

மாமனாரும் மருமகனும்

இந்தக் குறையைக் காலத்தின் மேல் பழிபோட்டுத் தாண்டிவிட முடியாது. எதிர்ச்சான்று அவர் குடும்பத்திலேயே இருக்கிறது. ஃபூட் மணந்தது பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகளை. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கிய அதே பெர்சிவல்தான். சென்னையில் ‘தினவர்த்தமானி’ இதழை நடத்தியவரும் அவரே. இவரும் இறுதியில் ஏற்காட்டில் தங்கி, 1882-ல் அங்கேயே காலமானார். தமிழ் இலக்கிய வரலாறும் இந்தியத் தொல்லியல் வரலாறும் ஏற்காட்டில் ஒரே குடும்பத்தில் சந்தித்தன என்பது தமிழ்ப் பாடநூல்களில் ஒரு வரி பெறத் தகுந்த செய்தி.

பெர்சிவலும் சேகரிப்பாளர்தான். அவர் திரட்டியவை பழமொழிகள். 1874-ல் வெளிவந்த அவருடைய தொகுப்பில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகள் உள்ளன. பழமொழியைப் பேசுபவனின் வாயிலிருந்துதான் எடுக்க முடியும். எடுத்த பின்னும் அது அவனிடமே இருக்கும். கல் அப்படி அல்ல. எடுத்துவிட்டால் மரத்தடியில் வெற்றிடம்தான். மாமனாரின் முறையில் ஒரு பங்கு மருமகனுக்கு வாய்த்திருந்தால், கல்லோடு அதைப் பற்றிய பேச்சும் பட்டியலில் ஏறியிருக்கும்.

எடுத்துச் சென்றது தவறா என்ற கேள்விக்கு எளிய விடை இல்லை. ஃபூட்டின் காலத்துக்கு முன்பே காப்பித் தோட்டங்கள் மலைச்சரிவுகளைத் திருத்தத் தொடங்கிவிட்டன. பின்னர் பாக்சைட் சுரங்கம் வந்து மேட்டையே வெட்டியது. மரத்தடிகளும் சிறு கோவில்களும் எத்தனை மறைந்தன என்பதற்கு யாரும் பட்டியல் போடவில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் கற்கள் இருக்கின்றன, எண்ணோடு இருக்கின்றன. இந்த நன்மையை மறுப்பது நேர்மை ஆகாது. ஆனால் சேர்வராயன் மலையின் பழமையைக் காண விரும்பும் மலைக்காரர் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியிருக்கிறது என்பதும் அதே நன்மையின் மறுபக்கம்.

பெயர்த்தெடுக்க முடியாதவை

நூலின் மிகச் சுவையான பகுதி, எடுத்துச் செல்ல முடியாத ஒன்றின் முன் ஃபூட் நிற்கும் இடம். கர்நாடகத்தின் பெல்லாரிக்கு அருகே குப்கல் மலையில் கரும்பாறைகளின் மேல் மாடுகளும் மனிதரும் கொத்தப்பட்டிருக்கின்றன. ஹூபர்ட் நாக்ஸ் என்ற அதிகாரி கண்டு சொல்ல, ஃபிரெட் ஃபாசெட் 1892-ல் கட்டுரை எழுதினார். பாறையில் வரைந்ததையும் கொத்தியதையும் தொல்பழங்காலச் சான்றாகக் கொள்வதே அப்போது புதிய எண்ணம். ஆர்ச்சிபால்ட் கார்லைல் மிர்சாபூர்ப் பகுதியில் 1867–68-ல் செந்நிற ஓவியங்களைக் கண்டார். ஸ்பெயினின் அல்தமிரா குகை ஓவியம் தெரியவந்தது 1879-ல்தான். ஃபூட் குப்கல் உருவங்களுக்கு உரிய மதிப்பளித்தார். ஆனால் கற்கருவியின் முன் இருக்கும் உறுதி அவருக்கு இங்கே இல்லை. அளந்து, எண்ணிட்டு, பெட்டியில் வைக்க முடியாத பொருளுக்கு அவருடைய நூலின் அமைப்பில் ஓரிடமே கிடைக்கிறது.

ஏறக்குறைய நூறாண்டுக்குப் பின் நிக்கோல் பாய்வின் அந்த மலைக்குச் சென்றார். அங்குள்ள சில பாறைகளைக் கல்லால் தட்டினால் வெண்கல மணிபோல் ஒலிப்பதை ஊர்க்காரர்கள் காட்டினார்கள். தட்டித் தட்டித் தேய்ந்த குழிகளும் பாறையில் இருந்தன. உருவம் கொத்துவதும் ஒலி எழுப்புவதும் ஒரே செயலின் பகுதிகளாக இருந்திருக்கலாம் என்று அவர் 2004-ல் எழுதினார். அருங்காட்சியகத்துக்கு ஒரு துண்டைப் பெயர்த்துச் சென்றிருந்தால் இந்த உண்மை கிடைத்திராது. ஊர்க்காரரைக் கேட்காதிருந்தாலும் கிடைத்திராது. அதே மலையைக் கருங்கல் குவாரி அரித்துக்கொண்டிருந்தது என்பதையும் அவர் பதிவு செய்தார்.

பார்க்கப் போகிறவர்கள்

தமிழ்நாட்டில் பாறை ஓவியங்கள் பெருமளவில் அறியப்பட்டது ஃபூட்டுக்கு மிகப் பிந்தி, 1970-களின் இறுதியிலிருந்துதான். கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லப்பாடியில் வெண்ணிறக் குதிரைவீரர், விழுப்புரம் பகுதியின் கீழ்வாலையில் செந்நிற மனிதர் என்று பட்டியல் நீண்டது. நீலகிரியில் கோத்தகிரியை அடுத்த கரிக்கியூர் இவற்றில் பெரியது. இருளர் வாழும் காட்டுப்பகுதி. வனத்துறை அனுமதியின்றிச் செல்லக் கூடாத இடம். இருந்தும் மலையேற்றக்காரர்கள் சென்றார்கள். பெயர் கிறுக்கினார்கள். ஓவியங்களில் ஐந்தில் இரண்டு பங்கு அழிந்துவிட்டதாக 2018-ல் செய்தி வந்தது. ஃபூட் பாறையில் எதையும் எழுதியவர் அல்லர். இந்த அடிப்படை மரியாதையைப் பல்லாயிரம் ஆண்டு ஓவியத்தின் முன் நிற்கும் பட்டதாரி இளைஞருக்கு இன்று கற்பிக்க வேண்டியிருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் ஆர்னெம் லேண்டில் பூர்வகுடி நிலத்துக்குள் நுழையவே அவர்களுடைய நிலமன்றத்தின் அனுமதிச்சீட்டு வேண்டும். இஞ்சலக் குன்றின் ஓவியங்களைப் பூர்வகுடி வழிகாட்டியோடுதான் பார்க்கலாம். கிம்பர்லியில் வாஞ்சினா உருவங்களுக்கு அவற்றுக்கு உரிய குலத்தார் மீண்டும் வண்ணம் தீட்டும் மரபும் உண்டு. பழமையைக் கெடுக்கிறார்கள் என்று வெளியார் சொன்னபோது, இது எங்கள் கடமை என்றார்கள். மரத்தடிக் கோடரிக்கு எண்ணெய் தடவிய சேர்வராயன் மலைக்காரரும் இதையே சொல்லியிருக்கக் கூடும். கேட்டவர் இல்லை.

கரிக்கியூர் போன்ற இடத்துக்கு வழி, தொலைவு, வரைபடப் புள்ளி ஆகியவற்றைப் பொதுத்தளங்களில் எழுதுவதும் இந்த அழிவில் பங்கு பெறுகிறது. ஃபூட்டின் காலத்தில் கிடைத்த இடத்தைத் துல்லியமாகச் சொல்வது ஆய்வின் அறம். காவல் இல்லாத பாறைக்கு இன்று அதே துல்லியம் ஆபத்து. இடத்தின் பெயரை எழுதலாம். வழியை இருளரிடமும் வனத்துறையிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

ஃபூட் நூலைப் பொறுத்தவரை செய்யக்கூடிய வேலை ஒன்று மீதமிருக்கிறது. நூல் இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் சேலம் மாவட்டப் பக்கங்களைத் தமிழாக்கலாம். ஆங்கில எழுத்துக்கூட்டலில் உருமாறிய மலையூர்ப் பெயர்களை, வருவாய்க் கிராமப் பட்டியலோடும் ஊர்ப் பெரியவர்களின் நினைவோடும் ஒப்பிட்டு மீட்கலாம். எந்தக் கல் எந்த ஊருடையது என்று அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். சில பெயர்கள் பிடிபடாமல் போகும். ஆனால் அந்தக் கல்லை ஊரில் என்ன பெயரிட்டு அழைத்தார்கள் என்று யாராவது ஒரு பாட்டி சொல்லக் கூடும்; அது எந்தப் பட்டியலிலும் இல்லை.