றஸ்தபாரியும் பெண்குரலும்: ஜூடி மொவாற் பற்றிய ஒரு குறிப்பு

ஜமெய்க்காவில் 1930களில் தோன்றிய றஸ்தபாரி நெறி, குடியேற்ற ஆதிக்கத்தைப் ‘பாபிலோன்’ எனச் சாடியது. எனினும் பெண்ணை ஆணின் தலைமைக்குக் கீழேயே வைத்தது. இம்முரண்பாட்டினுள் நின்றே ஜூடி மொவாற்றின் றெகே இசையை நாம் நோக்குதல் வேண்டும்.

1974 முதல் றீற்றா மார்லி, மாசியா கிறிபித்ஸ் ஆகியோருடன் பொப் மார்லிக்குப் பின்னணி பாடிய அவர், 1979இல் ‘பிளாக் வுமன்’ இசைத்தட்டைத் தாமே தயாரித்து வெளியிட்டார். அடிமைக்காலந்தொட்டுக் கறுப்பினப் பெண் சுமந்த துயர் அதிற் பாடுபொருளாயிற்று. ஆண்கள் வகுத்த எதிர்ப்பு மொழி பெண்ணின் உடைமையானது இவ்வாறே.

சமயத்தை வெறும் மயக்கமென ஒதுக்கும் நம்மவர் சிலரால் இதனை விளக்க இயலாது. ஒடுக்கப்பட்டோரின் எதிர்ப்பு சமயப் போர்வையிலும் பிறக்கும். ஆயின் இல்லத்துள் நிலவும் ஆதிக்கத்தைத் தீண்டாதவரை அவ்விடுதலை அரைகுறையே. 1990களில் மொவாற் கிறித்தவத்தைத் தழுவினார். அதனால் அவ்விசைத்தட்டின் வரலாற்றுப் பெறுமதி குன்றிவிடாதென்பதே எமது துணிபு.