விஷார்ட் மாதிரி: எவ்வளவு சரி, எவ்வளவு வசதி

பங்கு விலையின் ஏற்ற இறக்க அளவு என்றும் மாறாத ஓர் எண் என்று வைத்துக்கொண்டுதான் 1973-இல் ஆப்ஷன்களுக்கு விலை சொல்லும் பிளாக்-ஷோல்ஸ் சூத்திரம் வந்தது. 1987 அக்டோபர் 19 அன்று டவ் ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 22.6 சதவீதம் சரிந்த பிறகு, அந்த மாறாத எண்ணை மனதார நம்ப ஆள் இல்லை. சரிவுக்குக் காப்பாக வாங்கும் புட் ஆப்ஷன்கள் சூத்திரம் சொல்வதைவிடக் கூடுதல் விலைக்கே போகின்றன. இந்த ஏற்றத்தாழ்வைச் சாய்வு என்பார்கள்.

1993-இல் ஸ்டீவன் ஹெஸ்டன் தந்த மாதிரியில் ஏற்ற இறக்க அளவின் வர்க்கமான பரவற்படியே தற்செயலாக அலைகிறது. நீண்டகாலச் சராசரி அதைத் திரும்பத் திரும்ப இழுக்கிறது. ஐந்தே பண்பளவைகள். ஃபூரியே தொகையிடலால் விலை கண்ணிமைக்கும் நேரத்தில் வந்துவிடும். இந்த மாதிரி வங்கிகளில் காலூன்றியதற்கு முதல் காரணம் இந்த வேகம்தான் என்பேன். சந்தையோடு ஒத்துப்போவது அடுத்ததுதான்.

பல பங்குகளைச் சேர்த்த ஆப்ஷனுக்கு ஒட்டுறவும் தேவை. அதுவும் நிலையாக நிற்பதில்லை. பீதி வந்தால் எல்லாப் பங்கும் ஒன்றாக விழும். சரி, ஒவ்வோர் ஒட்டுறவையும் தனித்தனியே அலையவிட்டால் என்ன? மூன்று பங்குகளை எடுப்போம். முதலாவதுக்கு மற்ற இரண்டோடும் ஒட்டுறவு 0.9 என்றால், அந்த இரண்டுக்கும் இடையிலான ஒட்டுறவு 0.62-க்குக் கீழே இறங்கவே முடியாது. 0.2 என்று எழுதினால், மூன்றின் ஏதோவொரு கலவைக்குப் பரவற்படி குறை எண்ணாகிவிடும். வர்க்கமூலம் எடுக்க வழியின்றிக் கணினி நின்றுபோகும்.

மாரி-ஃப்ரான்ஸ் ப்ரூ 1991-இல் ஆராய்ந்த விஷார்ட் செயல்முறை இந்தச் சிக்கலை வேரோடு களைகிறது. அங்கே அலைவது தனித்தனி எண்கள் அல்ல, பரவற்படிகளும் ஒட்டுறவுகளும் சேர்ந்து அடங்கிய முழு அணி. எப்படி அலைந்தாலும் அந்த எல்லையை மீறாது. இதன் அழகை மறுக்க மனம் வராது. டா ஃபொன்சேகா, கிராசெல்லி, டெபால்டி மூவரும் இதை ஒற்றைப் பங்கின் ஆப்ஷன்களுக்கே பயன்படுத்திக் காட்டினார்கள். ஏற்ற இறக்கத்தின் மட்டம் அப்படியே இருக்க, புட் பக்கத்துச் சாய்வு மட்டும் மாறும் நாட்களையும் அது பிடிக்கும். ஹெஸ்டன் மாதிரி அங்கே திணறும்.

இதற்குக் கொடுக்கும் விலை பெரிது. ஒற்றைப் பங்குக்கான அந்த மாதிரியில் இரண்டுக்கு இரண்டு அணிக்கே, தொடக்க நிலையையும் சேர்த்தால் பண்பளவைகள் 16 ஆகின்றன. தனிப்பங்கு ஆப்ஷன்களின் விலைகளில் அவ்வளவு செய்தி கிடையாது. பல பங்குகளுக்கு வந்தால், அணியின் மூலைவிட்டத்துக்கு வெளியே உள்ள எண்களைப் பற்றி, அதாவது இரு பங்குகளின் உறவைப் பற்றி, அவை மிகக் குறைவாகவே சொல்கின்றன. அதனால் வெவ்வேறு பண்பளவைத் தொகுப்புகள் சந்தை விலைகளுக்கு ஒரேபோலப் பொருந்திவிட்டு, கூட்டு ஆப்ஷனுக்கு மட்டும் வெவ்வேறு விலை சொல்லும். மாறிலி என்று எழுதிய பண்பளவையைத் தினமும் காலையில் திருத்துவது வேறு.

ஹெஸ்டனைப் போலவே இந்த வடிவமும் தேர்வானது ரிக்காட்டி சமன்பாடுகளில் தீர்வு கிடைப்பதால். ஆனால் கேத்தரல், ஜெய்சன், ரோசன்பாம் சந்தைத் தரவில் கண்ட ஏற்ற இறக்கம் இதைவிட மிகக் கரடுமுரடானது. அந்தக் கரடுமுரடை அளக்கும் ஹர்ஸ்ட் அடுக்கு 0.1 அளவில்தான். குறுகிய தவணை ஆப்ஷன்களின் செங்குத்துச் சாய்வுக்கு, பதினாறு எண்களைவிட அந்த ஓர் எண் அதிகம் உதவுகிறது.

முரண்படாத நெருக்கடிக் காட்சிகளை உருவாக்க விஷார்ட் மாதிரியைத் தயங்காமல் எடுப்பேன். கூட்டு ஆப்ஷனுக்கு அது சொல்லும் விலையை யாராவது மேசையில் வைத்தால், சந்தைக்கு அதேபோலப் பொருந்தும் வேறு இரண்டு தொகுப்புகளின் விலையையும் பக்கத்தில் வைக்கச் சொல்வேன்.