சலுகை பத்தாம் வகுப்பில், அடி இரண்டாம் வகுப்பில்

டிஸ்லெக்சியா என்னும் வாசிப்பு சார்ந்த கற்றல் குறைபாடு உள்ள மாணவருக்குத் தமிழகப் பொதுத்தேர்வில் ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு உண்டு. சொல்வதை எழுதுபவர் உண்டு. கூடுதலாக ஒரு மணி நேரமும் உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் 21 வகை இயலாமைகளுள் ஒன்றாக ஏற்ற பிறகு இவையெல்லாம் தயவில் கிடைப்பவை அல்ல, உரிமை. 1991-இல் சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் தொடங்கிய காலத்தை நினைத்தால் இது பெரிய தூரம்தான்.

ஆனால் இந்தச் சலுகை வீட்டுக்குள் எவ்வளவு எட்டுகிறது?

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் 1993 முதல் சந்திரசேகரேந்திர சரஸ்வதி பெயரிலான நிகர்நிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அருகிலேயே தறி வீடுகள். பிள்ளை தறிக்குழியில் இறங்காமல் பட்டம் வாங்கிவிட வேண்டும் என்று நினைக்கும் வீடுகள் அங்கே ஏராளம். அப்படி ஒரு வீட்டில் ஏழு வயதுப் பையன் எழுத்துக்கூட்டத் திணறினால், அது அவனுடைய திணறலாக மட்டும் நிற்பதில்லை. நேற்று சரியாக வாசித்த சொல் இன்று வராது. பெற்றோரை ஏமாற்றுவது இந்த இடம்தான். "நேத்து வந்துச்சே, வேணும்னே பண்றான்" என்று முதுகில் ஒன்று விழும். பார்த்த சினிமாவைக் காட்சி காட்சியாகச் சொல்பவன், கடையில் சில்லறையை ஏமாறாமல் எண்ணி வாங்குபவன், பாடப்புத்தகத்தைக் கண்டால் மட்டும் ஊமையாகிறான் என்றால் சோம்பேறித்தனம் என்றுதானே தோன்றும்? காலையில் வயிற்றுவலி தொடங்கும். மாமியார் மருமகளைப் பார்த்து, "உங்க வீட்டு வாகு" என்பார். டிஸ்லெக்சியா பரம்பரையாக வருவதுண்டு. தறியில் டிசைன் பிசகாமல் நெய்யும் அப்பாவும் ஐந்தாவதோடு நின்றவராக இருக்கலாம். "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்று அவர் வாய் திறப்பதில்லை. "படிப்பு ஏறலன்னா தறியில உக்காரட்டும்" என்று முடித்துவிடுவார்.

டிஸ்லெக்சியா என்று உறுதிசெய்யும் சான்றிதழின் பெரிய நன்மை, 'மக்கு' என்ற பட்டத்தை எடுத்துவிடுவது. அன்றே அம்மாவுக்கு இன்னொன்றும் வந்து சேரும்: முடியாததற்காகவா இத்தனை நாள் அடித்தோம் என்ற குற்றவுணர்ச்சி. நாளை வரன் பேசும்போது இந்தக் காகிதம் குறுக்கே வருமோ என்று வாங்கத் தயங்குகிறவர்களும் உண்டு.

குறைகளில் முதலாவது, தாமதம். மூன்றாம் வகுப்பு அல்லது எட்டு வயது, எது முந்துகிறதோ அப்போது ஆசிரியரே முதற்கட்டச் சோதனை செய்யவேண்டும் என்றன 2018-இன் மத்திய அரசு வழிகாட்டுதல்கள். அது ஒழுங்காக நடந்தாலும், அதற்குள் இரண்டு வருட ஏச்சு முடிந்திருக்கும். சோதனைக் கருவிகளும் தமிழுக்குத் தாமதமாகத்தான் வருகின்றன. தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015-இல் வெளியிட்ட 'டாலி' சோதனையில் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் இருந்தன, தமிழ் இல்லை. எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒத்துப்போகும் தமிழ் போன்ற மொழிகளில் இக்குறை பிழையைவிட வேகக்குறைவாகவே அதிகம் தெரியும். தப்பை மட்டும் சுழிக்கும் சிவப்பு மை மெதுவாக வாசிப்பவனைக் கண்டுகொள்வதில்லை.

இரண்டாவது இன்னும் கடுமையானது. மொழிப்பாட விலக்கு தேர்விலிருந்து விடுவிக்கிறது, வாசிக்கக் கற்றுத்தருவதில்லை. வங்கிப் படிவத்துக்கு யார் விலக்குத் தருவார்கள்? ஓவியத் திறமையுள்ள ஒரு டிஸ்லெக்சியா சிறுவனைப் பற்றி 2007-இல் வந்த 'தாரே ஜமீன் பர்' நல்ல படம்தான். ஆனால் அதைப் பார்த்துவிட்டு, இப்படிப்பட்ட பிள்ளைக்குள் ஓர் ஓவியன் ஒளிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது இன்னொரு சுமை. ஒன்றும் ஒளிந்திராத சாதாரணப் பிள்ளைக்கும் வாசிக்கக் கற்றுக்கொள்ள உரிமை உண்டு.

எழுதுபவரையும் கூடுதல் நேரத்தையும் மொழி விலக்கையும் பேசுவது அதே 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. குறையைக் கூடிய விரைவில் கண்டறிந்து, அதற்கேற்ற கற்பித்தலைத் தருவது பள்ளியின் கடமை என்பது அதற்கு முந்தைய 16-ஆம் பிரிவு. நம் பள்ளிகள் 17-ஐத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இரண்டாம் வகுப்பில் பிள்ளை திணறுகிறது என்றால், பெற்றோர் தலைமையாசிரியரிடம் போய் 16-ஆம் பிரிவின் பெயரைச் சொல்லியே கேட்கலாம்.