எண்ணப்படுவது எது? துறை தாண்டும் என்ட்ரோபி

வெப்ப எஞ்சின்களின் திறனை ஆராய்ந்த மரபில் பிறந்த ஓர் அளவு இன்று அறிவியலின் பல துறைகளில் புழங்குகிறது. 1865-இல் ருடால்ஃப் கிளாசியஸ் பெயர் சூட்டிய என்ட்ரோபியைத் தொலைத்தொடர்புப் பொறியாளரும் கருந்துளை ஆய்வாளரும் சூழலியலாளரும் பொருளியலாளரும் கையாளுகிறார்கள். சிந்துவெளி முத்திரைகளை ஆராய்வோரும் அதை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு துறையின் கருத்தை இன்னொரு துறை கடன் வாங்குவதில் தவறில்லை. அறிவியல் அப்படித்தான் வளர்ந்தது. ஆனால் என்ட்ரோபியைக் கடன் வாங்கிய சிலர் புதிய உண்மைகளைக் கண்டார்கள். சிலர் அதை அலங்காரமாக மட்டுமே பூண்டார்கள். இவ்விரண்டையும் பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: இங்கே எண்ணப்படுவது எது?

கிளாசியஸின் அளவு நேரடியானது. 0 டிகிரி செல்சியஸில் ஒரு கிராம் பனிக்கட்டி உருக 334 ஜூல் வெப்பம் வேண்டும். அதை 273 கெல்வினால் வகுத்தால் 1.22. உருகும்போது அந்த ஒரு கிராமின் என்ட்ரோபி, கெல்வினுக்கு அத்தனை ஜூல் கூடுகிறது. 1877-இல் போல்ட்ஸ்மன் இதன் அடித்தளத்தைக் காட்டினார். வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் ஒரு பொருளின் அணுக்கள், உள்ளே எத்தனை விதமாக அமைந்திருக்கலாம் என்ற எண்ணிக்கையின் மடக்கைதான் என்ட்ரோபி.

இந்த எண்ணிக்கை வெறும் ஏட்டுக் கணக்கல்ல என்பதற்கும் பனிக்கட்டியே சாட்சி. அதில் ஒவ்வொரு ஆக்சிஜனையும் சுற்றி நான்கு ஹைட்ரஜன்கள். இரண்டு அருகில், இரண்டு தள்ளி. எந்த இரண்டு அருகில் என்பது மட்டும் இடத்துக்கு இடம் மாறலாம். அந்த வகைகளை எண்ணிப் பார்த்த லைனஸ் பாலிங், மூலக்கூறுக்கு ஒன்றரை அமைப்பு என்ற முடிவுக்கு 1935-இல் வந்தார். அதன்படி தனிச்சுழி வெப்பநிலையை நெருங்கினாலும் பனிக்கட்டியில் மோலுக்கு, கெல்வினுக்கு 3.37 ஜூல் என்ட்ரோபி மீந்திருக்க வேண்டும். மறு ஆண்டு ஜியோக்கும் ஸ்டவுட்டும் வெப்ப அளவீட்டில் கண்டது ஏறக்குறைய 3.4. காகிதத்தில் எண்ணியதும் ஆய்வகத்தில் அளந்ததும் பொருந்தின. என்ட்ரோபியின் வலிமை இதுதான்.

1948-இல் கிளாட் ஷானன் அதே கணித வடிவத்தைச் செய்திகளுக்குப் பொருத்தினார். அவர் எண்ணியது அணுக்களின் அமைப்பை அல்ல, அனுப்பப்படக்கூடிய செய்திகளின் நிகழ்தகவை. ஒரு செய்தியை எந்த அளவுக்குச் சுருக்கலாம் என்ற எல்லை அதிலிருந்து கிடைத்தது. வெப்பத்துக்கும் செய்திக்கும் உள்ள உறவு பெயரளவில் நின்றுவிடவுமில்லை. ஒரு பிட் தகவலை அழித்தால் குறைந்தது இவ்வளவு வெப்பம் வெளிப்பட்டே தீரும் என்றார் ரோல்ஃப் லாண்டவர், 1961-இல். அறை வெப்பநிலையில் அது சுமார் 3×10⁻²¹ ஜூல். 2012-இல் லியோன் நகர ஆய்வாளர்கள் லேசர் பொறியில் பிடித்த ஒரு நுண்மணியைக் கொண்டு அந்த எல்லையை நெருங்கி அளந்தும் காட்டினார்கள்.

இந்த வெற்றி கண்டு எல்லோரும் என்ட்ரோபியைக் கையில் எடுக்கத் தொடங்கியபோது எச்சரித்தவரும் ஷானன்தான். தன் கோட்பாட்டின் மதிப்பு மிகையாக்கப்படுகிறது, பிற துறைகளில் அதைச் சோதித்துப் பார்த்தே ஏற்க வேண்டும் என்று 1956-இல் எழுதினார். அந்த எச்சரிக்கை இன்றும் தேவைப்படுகிறது.

சூழலியலைப் பார்ப்போம். ஒரு காட்டின் உயிரினப் பன்மையைச் சொல்ல ஷானன் குறியீட்டெண் பரவலாகப் பயன்படுகிறது. சம எண்ணிக்கையில் 100 சிற்றினங்கள் வாழும் காட்டில் அது 4.61. பாதிச் சிற்றினங்கள் அழிந்துபோனால் 3.91. குறைவு 15 விழுக்காடு மட்டுமே! பாதி அழிந்த காட்டை இந்த எண் ஏறத்தாழ நலமாகக் காட்டுகிறது. மடக்கையை எண்ணிக்கையாகத் திருப்பினால் 100, 50 என்று உண்மை வெளிப்படும். இதை லூ ஜோஸ்ட் 2006-இல் தெளிவாக விளக்கினார். இங்கே கருவியில் குறையில்லை. அது காட்டும் எண் எதைக் குறிக்கிறது என்று கேளாமல் பயன்படுத்தியதே குறை.

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமானது சிந்துவெளி எழுத்து. ராஜேஷ் ராவ், ஐராவதம் மகாதேவன் உள்ளிட்ட குழுவினர் 2009-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு குறியை அடுத்து எது வரும் என்பதில் எவ்வளவு நிச்சயமின்மை இருக்கிறது என்று மகாதேவனின் 1977-ஆம் ஆண்டுத் தொகுப்பைக் கொண்டு கணக்கிட்டார்கள். விடை பழந்தமிழ், சுமேரியம் போன்ற மொழிகளின் அளவோடு ஒத்துப்போனது, டி.என்.ஏ. வரிசையோடும் ஃபோர்ட்ரான் நிரலோடும் ஒத்துப்போகவில்லை. எண்ணப்படுவது எது என்பதில் இந்த ஆய்வுக்குக் குழப்பமே இல்லை. அது அதன் பெருமை. ஆனால் ரிச்சர்ட் ஸ்ப்ரோட் எழுப்பிய தடையும் வலுவானது: மொழி சாராத குறியீட்டு முறைகள் பலவும் இதே அளவில் விழக்கூடும். ஆகவே இது மொழிக்கு ஆதரவான ஒரு சான்று, முடிந்த தீர்ப்பல்ல. அந்த மொழி எது என்பதை இந்த எண் சொல்லவே சொல்லாது. நமக்குப் பிடித்த விடையை அதன்மேல் ஏற்றிச் சொல்வது அந்த ஆய்வுக்கே செய்யும் அநீதி.

எல்லாவற்றிலும் பெரிய பிழை, என்ட்ரோபியை ‘ஒழுங்கின்மை’ என்று மட்டும் சுருக்கிச் சொல்வது. நீண்டு மெலிந்த கோல்வடிவத் துகள்கள் நெருக்கமாக அமையும்போது தாமாகவே ஒரே திசையில் அணிவகுக்கும் என்று ஆன்சாகர் 1949-இல் காட்டினார். அப்படி அணிவகுத்தால் ஒவ்வொன்றும் நகர இடம் கூடுகிறது. மொத்த அமைப்புகளின் எண்ணிக்கையும் கூடுகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கை உண்டாக்குவதே அங்கு என்ட்ரோபிதான். ‘என்ட்ரோபி குறையாது என்னும் வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதிப்படி உயிர்கள் பரிணமிக்க முடியாது’ என்ற வாதம் இந்தச் சுருக்கத்திலிருந்தே முளைக்கிறது. பூமி மூடிய பெட்டி அல்ல. சூரியனிடமிருந்து வரும் ஒவ்வொரு ஒளித்துகளுக்கும் ஈடாகச் சுமார் 20 அகச்சிவப்புத் துகள்களை அது விண்வெளிக்கு அனுப்புகிறது. அதாவது பெறுவதைவிட மிகுதியான என்ட்ரோபியை வெளியேற்றுகிறது. கணக்குப் போட்டால் அந்த வாதம் நிற்காது. சமூகமும் அரசியலும் ‘என்ட்ரோபியால்’ சீர்குலைகின்றன என்னும் கட்டுரைகளில் கணக்குப் போடவே எதுவும் இல்லை.

எனவே துறை தாண்டுவதைத் தடுக்க வேண்டியதில்லை, ஒழுங்குபடுத்த வேண்டும். என்ட்ரோபியைப் பயன்படுத்தும் ஆய்வேடு எதுவானாலும் முதல் இயலிலேயே மூன்று செய்திகளைச் சொல்லட்டும்: எண்ணப்படும் நிலைகள் எவை, அவற்றின் நிகழ்தகவு எங்கிருந்து பெறப்பட்டது, விடை தவறென்று காட்டக்கூடிய சோதனை எது. ஆய்வு மாணவர்களும் நெறியாளர்களும் இதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். இம்மூன்றையும் சொல்ல முடியாத இடத்தில் அந்தச் சொல்லை நீக்கிவிட்டு, சொல்ல வந்ததை நேராகச் சொல்வதே அறிவியலுக்கு நேர்மை.